பெயர் சொல்லாத யுத்தங்கள்

‘வார்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் தெரியாதவர் நமது வாசகர்களில் ஒருவரும் இரார். யுத்தம் என்று அதற்கு அர்த்தம் சொல்ல, ஆங்கில முதற் பாடம் படிக்கும் சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆயினும், உலகத்தில் பெருஞ் சேனைகளை வைத்திருக்கும் சர்க்கார்களுக்கு மாத்திரம், தாமே யுத்தஞ் செய்யுங் காலத்தில் இச்சொல்லின் பொருள் மறந்துபோகிறது. பிறர் செய்வதற்கு அப்பெயரைத் தாராளமாய் இடுகிறார்கள். தாம் செய்வதற்கோ, ‘நடவடிக்கை’ என்றும், ‘சம்பவம்’ என்றும், ‘அவசர நிலைமை’ என்றும் வேறு வேறு நாமகரணம் பண்ணுகிறார்கள்.

2022-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 24-ஆம் தேதி ருஷியத் துருப்புகள் உக்ரேனுக்குள் புகுந்தபொழுது, அதற்கு ‘விசேஷ ராணுவ நடவடிக்கை’ என்று ருஷிய சர்க்கார் பெயரிட்டது. அடுத்த மாதத் தொடக்கத்திலேயே, சேனையைப் பற்றிப் பொய்ச் செய்தி பரப்புவோருக்கு 15 வருஷம் வரை சிறைவாசம் விதிக்கும் சட்டமும் பிறந்தது. மாஸ்கோ நகரத்தில் ஒரு வட்டாரக் கவுன்சிலின் அங்கத்தினராயிருந்த அலெக்ஸி கோரினாவ் என்பவர், குழந்தைகளின் சித்திரப் போட்டியைப் பற்றிய விவாதம் நடக்கையில், உக்ரேனில் குழந்தைகள் மடிந்துகொண்டிருக்கும்பொழுது இங்கே போட்டி நடத்துவது எங்ஙனம் என்று கேட்டார். அங்கே நடப்பதை யுத்தம் என்றே பெயர் சொல்லிக் கூறினார். அவ்வருஷம் ஜூலை மாதத்தில் அவருக்கு 7 வருஷச் சிறைத் தண்டனை கிடைத்தது. இப்படி மனிதரைச் சிறைக்கனுப்பும் வல்லமை ஒரு சொல்லுக்கு எங்கிருந்து வந்தது? இவ்விஷயத்தைச் சற்று ஆராய்வோம்.

இச்சொல்லின் பிறப்பு விநோதமானது. நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு, அவர்களுடைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தில் வந்து சேர்ந்த சொல் இது. அதன் மூலமோ பழைய ஜெர்மானியச் சொல். ‘குழப்பம்’, ‘கலகம்’ என்பதே அதற்கு ஆதிப் பொருள். குழப்புவதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லொன்று இன்றைக்கும் அதற்கு உறவு. யுத்தத்துக்கு லத்தீன் மொழியில் வழங்கிய பழஞ் சொல்லை, ரோமருடைய சந்ததியார் பேசும் பாஷைகளே கைவிட்டு, இந்தக் குழப்பச் சொல்லை ஏற்றுக்கொண்டன. ‘கெரில்லா’ என்று நாம் வழங்குவதும் இதே குடும்பத்தில் பிறந்த ஸ்பானியச் சொல்தான். ‘சிறு யுத்தம்’ என்பது அதன் பொருள். ‘கான்ப்ளிக்ட்’ என்னும் மற்றோர் ஆங்கிலச் சொல்லோ, ஒன்றோடொன்று முட்டுதல் என்னும் பொருள்பட லத்தீனிலிருந்து வந்தது. இவ்விரண்டு சொற்களையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

குழப்பம் என்று பிறந்த சொல், காலக்கிரமத்தில் ஐரோப்பிய சட்ட நிபுணர்களின் கையிற்பட்டு, திட்டமான பொருளை அடைந்தது. இரண்டு ராஜ்யங்களுக்கிடையே யுத்த நிலைமை ஏற்பட்டதென்றால், பல காரியங்கள் தாமாகவே தொடர்ந்து நிகழும். களத்தில் எதிரியைக் கொன்ற சிப்பாய் கொலைகாரனாகான். பிடிபட்டவன் யுத்தக் கைதியாவான். ஆயுதம் தாங்கிப் போரிட்டான் என்பதற்காக மாத்திரம் அவனைத் தூக்கிலிட முடியாது. நடுநிலைமை வகிக்கும் தேசங்களுக்குக் கடமைகள் உண்டாகும். எதிரியோடு வியாபாரம் நிற்கும். கப்பல் ஒப்பந்தங்களிலும் இன்ஷ்யூரன்ஸ் பத்திரங்களிலும் ‘யுத்தம் நேர்ந்தால்’ என்று தொடங்கும் நிபந்தனைகளெல்லாம் உயிர்பெறும். 1907-ஆம் வருஷத்து ஹேக் உடன்படிக்கையின்படி, முன்னெச்சரிக்கையின்றி யுத்தந் தொடங்கலாகாது. 1928-ஆம் வருஷத்து பாரிஸ் ஒப்பந்தத்தில், யுத்தத்தைத் தேசியக் கொள்கையின் கருவியாகக் கொள்வதில்லையென்று வல்லரசுகள் கையெழுத்திட்டன. ஆக, ‘வார்’ என்னும் சொல்லை ஒரு சர்க்கார் உச்சரித்தால், அதன் கைகால்களில் சட்டம் வந்து விலங்கு பூட்டும். விலங்குக்குப் பயந்தவர்கள் யுத்தத்தை நிறுத்தினார்களா? இல்லை. சொல்லை நிறுத்தினார்கள்.

இதற்கு ஜப்பான் தேசம் காட்டிய வழி பிரசித்தமானது. 1937-ஆம் வருஷம் ஜூலை முதற்கொண்டு ஜப்பானியச் சேனை சீனத்தில் நகரம் நகரமாய்ப் பிடித்துக்கொண்டு போயிற்று. ஷாங்காயில் மாதக்கணக்கில் போர் நடந்தது. டிசம்பரில் நான்கிங் வீழ்ந்து, அங்கே நிகழ்ந்த கொடுமை சரித்திரத்தில் அழியாத களங்கமாயிற்று. ஜப்பானோ அதைச் ‘சீனச் சம்பவம்’ என்றது. சீனமும் 1941-ஆம் வருஷம் டிசம்பர் வரையில் யுத்தப் பிரகடனம் செய்யவில்லை. யுத்தம் என்று ஏற்பட்டால், அமெரிக்காவின் நடுநிலைமைச் சட்டம் குறுக்கிட்டு, ஆயுத வியாபாரத்தைத் தடுத்துவிடும். இரு கட்சியாருக்கும் அதனால் நஷ்டம்.

அப்பொழுது லண்டன் கோர்ட்டுகளில் ஒரு கப்பல் வழக்கு வந்தது. ‘நெய்ல்ஸி மெடோ’ என்னும் ஆங்கிலக் கப்பலை ஜப்பானியக் கம்பெனியொன்று வாடகைக்கு அமர்த்தியிருந்தது. ஜப்பான் சம்பந்தப்பட்ட யுத்தம் மூண்டால் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம் என்பது அதிலுள்ள ஒரு நிபந்தனை. 1937-ஆம் வருஷம் செப்டம்பரில் கப்பற் சொந்தக்காரர்கள் ரத்துச் செய்தார்கள். யுத்தம் எங்கே நடக்கிறது என்று ஜப்பானியக் கம்பெனி கேட்டது. பிரிட்டிஷ் வெளிநாட்டு இலாகாவைக் கேட்டதற்கு, சீனத்து நிலைமை இன்னதென்று திட்டமாய்ச் சொல்லத்தக்கதாயில்லை, யுத்த நிலைமை இருப்பதாகச் சொல்லத் தாங்கள் இப்பொழுது தயாராயில்லை என்ற கருத்தில் பதில் வந்தது. ஆயினும் 1939-ஆம் வருஷம் அப்பீல் கோர்ட்டில் ஸர் வில்பிரட் கிரீன் முதலிய நீதிபதிகள், வியாபாரிகள் செய்துகொண்ட பத்திரத்திலுள்ள சொல்லுக்கு சாமானிய மனிதன் கொள்ளும் பொருளே பொருள்; அவ்வாறு பார்த்தால் அங்கே நடந்தது யுத்தமே என்று தீர்ப்பளித்தார்கள். ராஜதந்திரிகளுக்குப் புலப்படாத யுத்தம் கப்பல் வியாபாரிக்குப் புலப்பட்டது! சட்டம் படித்தவர்கள் இத்தீர்ப்பை வியாபார வழக்காக மாத்திரம் படிப்பதுண்டு. நாமோ இதைப் பத்திரிகாசிரியர்களுக்குரிய பாடமாகக் கருதுகிறோம்.

கோர்ட்டுகள் எப்பொழுதும் ஒரே வழியிற் சென்றன என்றும் சொல்வதற்கில்லை. 1950-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் கொரியாவுக்கு அமெரிக்கச் சேனை புறப்பட்டபொழுது, நாம் யுத்தத்திலில்லை என்று பிரஸிடெண்டு ட்ரூமன் சொன்னார். அங்ஙனமாயின் ஐக்கிய நாட்டு ஸ்தாபனத்தின் சார்பாக நடக்கும் போலீஸ் நடவடிக்கை எனலாமோ என்று ஒரு நிருபர் கேட்க, ஆம் என்று ஒப்புக்கொண்டார். 1953-ஆம் வருஷம் ஜூலையில் போர் நிறுத்தம் ஏற்படுமுன் இந்தப் ‘போலீஸ் நடவடிக்கை’யில் அமெரிக்கர் மாத்திரம் 33,000-க்கு மேற்பட்டவர் மாண்டனர், கொரியரும் சீனரும் பல லக்ஷம். மாண்ட சிப்பாய்களின் இன்ஷ்யூரன்ஸ் பணம் சம்பந்தமாக வழக்குகள் எழுந்தன. யுத்தத்தால் நேரும் மரணத்துக்கு ஈடு இல்லையென்பது கம்பெனிகளின் நிபந்தனை. காங்கிரஸ் பிரகடனம் செய்யாததால் கொரியாவில் நடப்பது யுத்தமன்று என்று பென்ஸில்வேனியா ராஜ்யத்து உச்ச நீதிமன்றம் 1953-இல் சொல்லிற்று. அதே வருஷத்தில் கலிபோர்னியாவிலிருந்த ஒரு பெடரல் கோர்ட்டு, யுத்தமே என்று சொல்லிற்று. ஒரே களத்தில், ஒரே குண்டு மழையில் மாண்ட இருவரில், ஒருவன் யுத்தத்தில் மாண்டான். மற்றவன் யுத்தமில்லாமலே மாண்டான்!

தமிழ் மக்களின் வாழ்வை நேரே தாக்கிய உதாரணம் மலாயா. 1948-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அங்கே பிரிட்டிஷார் ‘எமர்ஜென்ஸி’, அதாவது அவசர நிலைமை, பிரகடனம் செய்தனர். 1960-ஆம் வருஷம் ஜூலை 31-ஆம் தேதி வரையில் அது நீடித்தது. பன்னிரண்டு வருஷம் நீடித்த அவசரம் எங்கேனும் உண்டோ? விமானங்கள் குண்டு வீசின, காடுகள் முற்றுகையிடப்பட்டன, சுமார் 5 லக்ஷம் ஜனங்கள் வீடுவாசல்களினின்றும் பெயர்க்கப்பட்டு, முள்வேலியிட்ட ‘புதுக் கிராமங்களில்’ அடைக்கப்பட்டனர். ஆயினும் யுத்தமன்றாம்! யுத்தம் என்று ஒப்புக்கொண்டால் ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் நேரும் நஷ்டத்தை லண்டன் இன்ஷ்யூரன்ஸ்காரர்கள் கொடுக்கமாட்டார்கள் என்பதே காரணம் என்று சொல்வதுண்டு. மற்றொரு காரணமும் வெளிப்படை. யுத்தமில்லையென்றால், எதிரே நிற்பவன் எதிரியாகான், கொள்ளைக்காரனாவான். 1952 வரையில் சர்க்கார் தஸ்தாவேஜுகள் அவர்களைக் கொள்ளைக்காரர் என்றே குறித்தன.

தஞ்சை ஜில்லாவில் பிறந்து, மலாயாவில் தொழிலாளர் சங்க சம்மேளனத்துக்குத் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, ரிவால்வரும் சில தோட்டாக்களும் வைத்திருந்ததாகக் குற்றஞ் சாட்டப்பட்டு, 1949-ஆம் வருஷம் மே 4-ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஆயுதம் தாங்கியதற்கே மரண தண்டனை என்பது அவசரகால விதி. இந்திய சர்க்கார் கருணை வேண்டியும் பயனில்லை. அதே விதியின்கீழ்த் தண்டனையடைந்த சாம்பசிவம் என்னும் மற்றொரு தமிழர், பிரிவி கவுன்சில் வரையில் அப்பீல் செய்து, 1950-இல் உயிர் தப்பினார். முந்திய விசாரணையில் ஒரு குற்றத்தில் விடுதலை பெற்றவன், அந்த விஷயத்தில் நிரபராதி என்றே பின்னும் கொள்ளப்பட வேண்டும் என்னும் நியாயம் அவரைக் காத்தது. இன்றும் சட்டப் புஸ்தகங்களில் அவ்வழக்கு எடுத்துக்காட்டப்படுகிறது. யுத்தமென்று ஒப்புக்கொண்டிருந்தால் கணபதி பிழைத்திருப்பார் என்று சட்டமறிந்தவர் எவரும் உறுதி கூறார். ஆனால் பெயர் மாற்றத்தினால் கயிற்றுக்கும் கழுத்துக்கும் இடையே இருந்த தூரம் குறுகிவிட்டது என்பதை மறுப்பவரும் இரார். 1948-ஆம் வருஷம் டிசம்பரில் பத்தாங்காலியில் ஆயுதமில்லாத 24 கிராமவாசிகளை பிரிட்டிஷ் துருப்புகள் சுட்டுக் கொன்றதைப் பற்றி, பகிரங்க விசாரணை நடத்தும்படி கட்டாயப்படுத்த முடியாதென்று லண்டன் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது 2015-இல்!

நிற்க. ஆங்கில அரசாங்கத்துக்கு இச்சொல் எப்பொழுதுமே மறந்திருந்தது என்று எண்ணவேண்டாம். வேண்டியபொழுது நன்றாய் ஞாபகம் வந்தது. இந்தியப் பீனல் கோடின் 121-வது செக்ஷன் சக்ரவர்த்திக்கு விரோதமாய் ‘யுத்தஞ் செய்தல்’ என்றே குற்றத்துக்குப் பெயரிட்டிருந்தது. 1945-ஆம் வருஷம் நவம்பரில் டில்லி செங்கோட்டையில், இந்திய தேசிய ராணுவத்து ஷா நவாஸ் கான், ஸைகல், தில்லான் ஆகிய மூவர்மீதும் இக்குற்றமே சாட்டப்பட்டது. அந்த ராணுவத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் ஏராளம் என்பது நமது வாசகர்கள் அறிந்ததே. குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களுக்காக வாதாடிய புலாபாய் தேசாய், சர்க்கார் சொன்ன சொல்லையே பிடித்துக்கொண்டார். யுத்தஞ் செய்தார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். விடுதலைக்காகத் தனி அரசாங்கம் அமைத்துக்கொண்டு முறைப்படி போரிட்டவர்களுக்கு, யுத்தஞ் செய்வோருக்குரிய உரிமையும் உண்டல்லவா என்பது அவர் வாதத்தின் சாரம். ராணுவ நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆயுள் பரியந்தம் தீவாந்தரம் என்று விதித்தது. தேசமெங்கும் எழுந்த கொந்தளிப்பைக் கண்டு, 1946-ஆம் வருஷம் ஜனவரியில் சேனாதிபதி அத்தண்டனையைத் தள்ளுபடி செய்தார். யுத்தம் என்பது தண்டிப்பதற்கு மாத்திரம் உண்டு, காப்பாற்றுவதற்கு இல்லை என்னும் இரட்டை வழக்கு அங்கே அம்பலமாயிற்று.

இந்த இரட்டை வழக்கு ஆங்கிலேயருக்கு மாத்திரம் உரியதன்று. 2001-ஆம் வருஷத்தில் நியூயார்க் மாளிகைகள் தகர்க்கப்பட்ட பிறகு, அமெரிக்கா ‘பயங்கரவாதத்தின் மீது யுத்தம்’ என்று முழங்கிற்று. யுத்தமாயின் பிடிபட்டவர்களுக்கு யுத்த சட்டத்தின் பாதுகாப்பு உண்டன்றோ? அல்-கைதா கூட்டத்தாருக்கு அது கிடையாதென்று 2002-ஆம் வருஷம் பிப்ரவரியில் பிரஸிடெண்டு புஷ் உத்தரவிட்டார். குவாண்டனாமோவிலிருந்த ஹம்தான் என்னும் கைதியின் வழக்கில், ஜினீவா உடன்படிக்கைகளின் மூன்றாவது ஷரத்து அவர்களுக்கும் பொருந்தும் என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 2006-இல் சொல்லும் வரையில், யுத்தத்தின் அதிகாரம் முழுவதும் சர்க்காருக்கு, அதன் கட்டுப்பாடு எதுவும் சர்க்காருக்கில்லை என்றே காரியம் நடந்தது.

இத்தகைய சூழ்ச்சிக்கு மாற்று மருந்தாகவே, 1949-ஆம் வருஷம் ஆகஸ்டு 12-ஆம் தேதி ஜினீவாவில் கூடிய தேசங்கள் ஒரு புது ஏற்பாடு செய்தன. பிரகடனமான யுத்தமாயினும் சரி, யுத்தமென்று ஒரு கட்சி ஒப்புக்கொள்ளாத ‘ஆயுதந் தாங்கிய கான்ப்ளிக்ட்’ ஆயினும் சரி, உடன்படிக்கை பொருந்தும் என்று எழுதினார்கள். உள்நாட்டுப் போரிலும் மூன்றாவது ஷரத்தின்படி, ஆயுதமில்லாதவனையும், காயமுற்றவனையும், சரணடைந்தவனையும் மனிதனாக நடத்தவேண்டும் என்றார்கள். தெருச் சண்டையெல்லாம் யுத்தமாகிவிடுமோ என்று கேட்பார்க்கு, யூகோஸ்லாவியக் குற்றங்களை விசாரித்த சர்வதேச நீதிமன்றம் 1995-இல் டாடிச் என்பவரின் வழக்கில் விடை கூறிற்று: உள்நாட்டில், சர்க்காருக்கும் ஒழுங்காய் அமைந்த ஆயுதக் கூட்டத்துக்குமோ, அத்தகைய கூட்டங்களுக்குள்ளேயோ, நீடித்த ஆயுதப் போர் நடக்க வேண்டும். பெயரைப் பார்க்காதே, காரியத்தைப் பார் என்பதே இதன் தாத்பரியம்.

ஆனால் மருந்தே நோயாகும் விந்தையையும் காண்கிறோம். சட்டத்தில் கைதியைக் காப்பதற்காகப் புகுந்த ‘கான்ப்ளிக்ட்’ என்னும் சொல், பத்திரிகைகளில் வேறு வேலை செய்யத் தொடங்கிவிட்டது. யுத்தமென்றால் யார் தொடுத்தது என்று கேட்கத் தோன்றும். ‘மோதல்’ என்றாலோ, இரண்டு வண்டிகள் தாமாகவே முட்டிக்கொண்டதுபோல் இருக்கிறது. முட்டியவன் யார், முட்டப்பட்டவன் யார் என்ற கேள்வியே எழுவதில்லை. அண்டையிலுள்ள இலங்கையில் 2009-ஆம் வருஷம் மே மாதத்தில் முடிந்த போரை, அந்நாட்டுப் பாதுகாப்பு மந்திரி இலாகா 2011-இல் வெளியிட்ட அறிக்கை ‘மனிதாபிமான நடவடிக்கை’ என்று பெயரிட்டழைத்தது. அதே வருஷத்தில், ஐக்கிய நாட்டு ஸ்தாபனத்துக் காரியதரிசி நியமித்த நிபுணர் குழு, கடைசிக் கட்டத்தில் மாண்ட சிவிலியன்கள் 40,000 வரையிலும் இருக்கக்கூடும் என்றது. மனிதாபிமானம் என்னும் சொல்லுக்கு இனி அகராதிகாரர் என்ன பொருள் எழுதுவர்?

பிறரைச் சொன்னோம், நம்மையும் சொல்லவேண்டும். ட்ரூமன் வாயில் ‘போலீஸ் நடவடிக்கை’ வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே அச்சொல் நம் தேசத்தில் வழங்கியாயிற்று. 1948-ஆம் வருஷம் செப்டம்பர் 13-ஆம் தேதி இந்திய ராணுவம் ஹைதராபாத் சமஸ்தானத்துக்குள் சென்றது. டாங்கிகளும் விமானங்களும் ஒரு மேஜர் ஜெனரலும் சென்ற காரியத்துக்குப் போலீஸ் என்று பெயர். ரஸாக்கர்களின் அட்டூழியத்தை ஒடுக்கியது நியாயமே. ஐந்தே நாளில் நிஜாம் பணிந்ததும், தேசம் ஒன்றுபட்டதும் நமக்குப் பெருமையே. ஆயினும் சமஸ்தானம் ஐக்கிய நாட்டு ஸ்தாபனத்தில் முறையிட்டிருந்த சமயத்தில், அது உள்வீட்டு விவகாரம் என்று காட்ட அந்தப் பெயர் உதவிற்று. அதற்குப் பின் அங்கே முஸ்லிம் ஜனங்களுக்கு நேர்ந்த கதியை விசாரிக்க நேரு அனுப்பிய பண்டித சுந்தர்லால் குழு, மாண்டவர்கள் 27,000 முதல் 40,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அந்த அறிக்கை பல்லாண்டுகள் வெளிவராமலே கிடந்தது. போலீஸ் நடவடிக்கையில் அத்தனை பேர் மாளமாட்டார்களல்லவா? ஆகவே அதைப் பற்றிக் கேட்பாரும் இல்லை. ஆங்கிலேயர் மலாயாவில் சொன்னால் கபடம், நாம் ஹைதராபாத்தில் சொன்னால் ராஜதந்திரம் என்று கொள்வது நீதியாகாது.

சொல்லைத் திருத்தினால் யுத்தம் ஒழியும் என்று நாம் சொல்லவில்லை. அவ்வளவு பேதைமை நமக்கில்லை. ஆயினும், பெயரிட்டால்தான் கணக்குக் கேட்க முடியும். யுத்தமென்று சொன்னால், பார்லிமெண்டு அனுமதித்ததா என்று கேட்கலாம். கைதிகள் எங்கே என்று கேட்கலாம். செத்தவர் எத்தனை, எவர் கொன்றார் என்று கேட்கலாம். நடவடிக்கை என்றால், அது நடந்து முடிந்தது என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. மறுபக்கத்தில், எதையெடுத்தாலும் யுத்தமென்று கூவுவதும் கெடுதலே. வறுமையின் மீது யுத்தம், லாகிரி வஸ்துக்களின் மீது யுத்தம் என்று மேடைகளிற் பேசிப் பேசி, சொல் தேய்ந்து, மெய்யான யுத்தம் வந்தபொழுது அதற்குக் கூர்மையில்லாமற் போகிறது.

நமது மொழியில் இதற்குப் பஞ்சமில்லை. போர், சண்டை, பூசல், கலகம், கிளர்ச்சி, படையெடுப்பு என்று ஒவ்வொரு நிலைமைக்கும் தனித் தனிச் சொல் உண்டு. தந்தியில் எந்த ஆங்கிலச் சொல் வருகிறதோ அதை அப்படியே பெயர்த்துப் போடும் வழக்கத்தினால், பிறருடைய கபடத்துக்குத் தமிழ்ப் பத்திரிகைகள் கூலியில்லாமல் வேலை செய்கின்றன. நாமும் இக்குற்றத்துக்கு விலக்கல்லோம். இனி எந்த சர்க்காராவது, அது நமது சர்க்காராகவே இருப்பினும், சேனையை அனுப்பிவிட்டு அதற்கு வேறு பெயர் சொன்னால், வாசகர்கள் ஒன்று செய்ய வேண்டுகிறோம். அந்தப் பெயரினால் எந்தச் சட்டத்துக்கு விடுமுறை கிடைக்கிறது, எந்தக் கைதிக்குப் பாதுகாப்புப் போகிறது என்று விசாரியுங்கள். விடை கிடைத்தவுடன், நடப்பதற்குச் சரியான பெயர் உங்களுக்கே விளங்கிவிடும்.